மூன்றாம் வரிசையில் ஒரு மயக்கம்

மேடையின் மூன்றாவது வரிசையில் நின்று பாடிக் கொண்டிருந்தவள், திடீரென்று சரிந்தாள்!

யாரும் அலறவில்லை.

கோரஸ் நிற்கவில்லை. முன்னால் நின்று தாளம் காட்டும் மாஸ்டரின் கையும் நிற்கவில்லை. அறுபது குரல் ஐம்பத்தொன்பது ஆனது... அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பாடிக்கொண்டே அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். பாடிக்கொண்டே பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் கொண்டு போய் விட்டார்கள். பாடிக்கொண்டே திரும்பி வந்து நின்றார்கள்.

ஹாலில் ஒரே ஒரு ஆள் மட்டும் துள்ளி எழுந்தார்.

பன்னிரண்டாவது வரிசை. நட்ட நடு சீட்.

இன்ஸ்பெக்டர்!

சரிந்தவள் அவருடைய மனைவி.

"உட்காருங்க சார்... மறைக்குது!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யோவ், அது என் ஒய்ஃப்யா!"

"ஷ்ஷ்ஷ்...!" என்றது முன்வரிசை மொத்தமும்.

இன்ஸ்பெக்டருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்கும் சத்தம் வரும் என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தே அவருக்கு எதுவும் சரியாக அமையவில்லை. கல்யாணத்துக்குத் தைத்த கோட் வயிற்றைப் பிடித்தது. வாசலில் போனை அணைக்கச் சொன்னார்கள். ஒரு பாட்டு முடிந்தது என்று நினைத்து ஆசையாகக் கைதட்டினார். அது பாட்டின் முடிவு இல்லையாம்... நடுவில் ஒரு நிறுத்தமாம்! ஹாலே திரும்பி அவரைப் பார்த்தது. ஒரு ரவுடி லாக்கப்பில் இருந்து தப்பியபோதுகூட அவர் அவ்வளவு கூனிக் குறுகியதில்லை.

இதற்கு முன்னால் மனைவி பாடிய எந்தக் கச்சேரிக்கும் அவர் வந்ததில்லை. ஒவ்வொரு முறையும் ஏதாவது கேஸ் குறுக்கே வந்து நின்றது. இந்த முறை அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்.

"இன்னிக்கும் வரலைன்னா, ராத்திரி சாப்பாட்டுக்கு உங்க லாக்கப்புக்கே போயிடுங்க!"

வந்தார். தூங்கிவிட்டார்.

கொஞ்சம் முன்னால்தான் பக்கத்து சீட் மூக்குக்கண்ணாடிக்காரர் முழங்கையால் இடித்து எழுப்பியிருந்தார்.

"சார்... உங்க குறட்டை ஸ்ருதி சேரலை."

கண்ணைத் திறந்தால்... மேடையிலிருந்து மனைவி அவரையே முறைத்துக் கொண்டிருந்தாள். 'செத்தேன், பார்த்துட்டா!' என்று நினைத்தார். அடுத்த நொடி அவள் மயங்கினாள்.

மயங்கினாளா...?

இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டது வேறு. மனைவி கையில் இருந்த கறுப்புப் பாட்டு ஃபைலை மூடினாள். அதைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டதை உறுதி செய்துகொண்டாள்.

பிறகுதான் விழுந்தாள்!

மயக்கம் வருகிற எவளாவது கைப்பொருளைப் பத்திரமாக ஒப்படைத்துவிட்டு மயங்குவாளா?

நடிப்பு! சுத்தமான நடிப்பு!

எதற்கு?

இருபது முழங்கால்களைத் தாண்டி, நாலு பேரின் கால் விரலை மிதித்து, வாசலுக்கு வந்தார். கதவுக்காரர் குறுக்கே கை நீட்டினார்.

"பாட்டு நடக்குறப்போ கதவைத் திறக்கக் கூடாது சார். ரூல்ஸ்."

"நான் போலீஸ்யா!"

"போலீஸ் கொஞ்சம் மெதுவாப் பேசலாமே சார்..."

"திறக்கிறியா, இல்ல உன்னை உள்ளே வைக்கவா?"

திறந்தது. மேடைக்குப் பின்னால் போகும் நீண்ட நடையில் ஓடினார். பாதி தூரம்கூடப் போகவில்லை...

"ஐயோ! கொலை... கொலை!"

ஓர் ஆணின் அலறல்!

நடையின் கோடியில் இருந்த ஓய்வறைக்குள் பாய்ந்தார்.

தரையில் ஒரு பெண் மல்லாந்து கிடந்தாள். இன்றைய கச்சேரியின் நட்சத்திரப் பாடகி. ஊரே அவளை 'குயில்' என்றுதான் கூப்பிடும். முதல் பாட்டில் தனிக்குரலாகப் பாடிவிட்டு, கோரஸ் தனியாகப் பாடும் நீளப் பாட்டு முடிகிற வரைக்கும் ஓய்வெடுக்க வந்தவள். அவள் கழுத்தில் அவளுடைய பட்டு ஸ்கார்ஃபே இறுகிக் கிடந்தது.

அந்த ஸ்கார்ஃபின் மேல் இரண்டு கைகள்...

இன்ஸ்பெக்டரின் மனைவியுடைய கைகள்!

"இவதான்! இவதான் என் குயிலைக் கொன்னுட்டா!" என்று வாசலில் நின்றபடி கத்தினார் ஒருவர். கையில் பெரிய பொக்கே. குயிலின் மேனேஜர். கணவரும் அவரேதான்.

"வாயை மூடுங்க! நான் முடிச்சை அவிழ்த்துக்கிட்டு இருக்கேன்!" என்று மனைவி கத்தினாள். "ஏங்க... மரம் மாதிரி நிக்காம ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க! மூச்சு இருக்கு!"

இன்ஸ்பெக்டர் குனிந்து நாடி பார்த்தார். இருந்தது. நூலாக.

போனை எடுத்தார். அணைத்து வைத்த போன் உயிர் பெறுவதற்குள் அவர் உயிர் போய்விடும் போலிருந்தது.

மேடையில் கோரஸ் இன்னும் பாடிக் கொண்டிருந்தது!

ஆம்புலன்ஸ் குயிலைத் தூக்கிக் கொண்டு போனது. பிழைப்பாளா என்று கேட்டதற்கு, "இப்ப எதுவும் சொல்ல முடியாது சார்" என்றார்கள். ஸ்டேஷனில் இருந்து எஸ்.ஐ. வந்து சேர்ந்தார். இன்ஸ்பெக்டருக்குக் கீழே வேலை பார்ப்பவர். நிலைமையைக் கேட்டதும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விட்டத்தைப் பார்த்தார்.

மேனேஜர் விம்மி விம்மி அழுதார்.

"நான் கடைசி வரிசையில, ஓரத்து சீட்ல உட்கார்ந்திருந்தேன் சார். பாட்டு முடியப் போகுது, இடைவேளையில அவளுக்குப் பொக்கே குடுக்கலாம்னு இப்பத்தான் எழுந்து வந்தேன். கதவைத் திறந்தா... இந்தம்மா!"

"அதுவரைக்கும் சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லையா?"

"இல்லவே இல்லை. வேணும்னா விசாரிச்சுக்குங்க."

யாரை விசாரிப்பது? கடைசி வரிசைக்குப் பின்னால் வெறும் சுவர். பக்கத்தில் திரை போட்ட சின்னக் கதவு, அங்கே காவலும் கிடையாது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் மேடையைப் பார்த்தபடி மேனேஜருக்கு முதுகைக் காட்டிக் கொண்டிருந்தவர்கள்.

மேனேஜர் மூக்கைச் சிந்திக்கொண்டு தொடர்ந்தார்.

"இன்னொண்ணு சொல்றேன் சார். குயில் பாடற சோலோவுக்கு இந்தம்மாவும் போட்டியில பாடினாங்க. கிடைக்கலை. எல்லார் முன்னாடியும் அழுதாங்க. யாரை வேணாலும் கேளுங்க."

எஸ்.ஐ. தொண்டையைச் செருமினார்.

"சார்... கோரஸ்ல எல்லாரும் மேடையில இருந்தாங்க. பாதியில இறங்கினது மேடம் மட்டும்தான். அதுவும் மயக்கம்னு... ஆனா மேடம் நல்லாத்தான்..."

"நல்லாத்தான் இருக்கா. எனக்கே தெரியுது."

"அப்ப... ஸ்டேஷனுக்கு...?"

"பத்து நிமிஷம் குடுய்யா!"

மனைவியை நடையின் மூலைக்கு அழைத்துக் கொண்டு போனார். மூக்குக்கு மேல் கோபம். அதற்கும் மேல் பயம்.

"மயக்கம் நடிப்புதானே?"

"ஆமா."

"ஆமாவா! எதுக்குடி?"

"உங்களை எழுப்ப முடியலையே, அதனால!" அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. "கச்சேரிக்கு முன்னாடி உங்ககிட்ட என்ன சொன்னேன்? குயில் மேடம் இன்னிக்கு மேடையிலேயே அந்த ஆளை உதறப் போறாங்க... ரெண்டாவது பாதி தொடங்குறதுக்கு முன்னாடி, 'இவர் இனிமே என் மேனேஜரும் இல்லை, புருஷனும் இல்லை'ன்னு மைக்ல சொல்லப் போறாங்க... 'நீ அந்த மைக்கை உயிரோட தொட மாட்டே'ன்னு அவன் மிரட்டியிருக்கான்னு சொன்னேனா இல்லையா?"

சொன்னாள்தான். 'புருஷன் பொண்டாட்டி சண்டை, ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்று அவர்தான் கோட்டுப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டே சொல்லியிருந்தார்.

"அவங்க முதல் பாட்டு முடிச்சு உள்ளே போனாங்க. உடனே கடைசி வரிசையில அந்த ஆளும் எழுந்து, ஓரத்துக் கதவு வழியா நழுவினான். மேடையில இருந்து பளிச்சுன்னு தெரிஞ்சுது. நான் என்ன பண்ணுவேன்? பாட்டு நடக்குது. உங்களைப் பார்த்தேன்... வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கறீங்க! கண்ணால ஜாடை காட்டினேன், புருவத்தைத் தூக்கினேன், தலையை ஆட்டினேன்... ம்ஹூம்! கடைசியா கண்ணைத் திறந்தீங்க. அப்பவாவது புரியும்னு பார்த்தா, திருதிருன்னு முழிக்கிறீங்க!"

"நீ என்னை முறைக்கிறேன்னு நினைச்சேன்..."

"வேற வழியில்லாம விழுந்தேன். ஓடிப் போய் ஓய்வறைக் கதவைத் தட்டினேன். உள்ளே யாரோ ஓடற சத்தம். திறந்து பார்க்குறேன்... அவங்க கீழே கிடக்காங்க, பின்பக்கக் கதவு ஆடிக்கிட்டு இருக்கு. ஸ்கார்ஃபை அவிழ்க்குறதுக்குள்ள அவனே முன்பக்கமா வந்து கொலைகாரின்னு கத்தறான்!"

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் விழித்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. அந்த நினைப்பு நெஞ்சைக் குத்தியது.

"நான் நம்பறேன்மா. ஆனா ஓடினவன் முகத்தை நீ பார்க்கலை. நீ சொன்னதுக்குச் சாட்சி?"

"என்னைக் கேட்டா? மேடையில அத்தனை பேர் நிக்கறாங்க. போய்க் கேளுங்க!"

அட!

இன்ஸ்பெக்டருக்கு உயிர் வந்தது. ஹாலில் எல்லோருக்கும் மேனேஜருக்கு முதுகு. கோரஸுக்கு மட்டும் முகம்!

இடைவேளை விட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த ஒத்திகை அறையில் கறுப்பு உடையில் கோரஸ் மொத்தமும் தண்ணீர் குடித்துக் கொண்டிருந்தது. நடுவில் கைகட்டி நின்றார் மாஸ்டர். கோரஸை நடத்துபவர். ஒல்லி. விறைப்பு. சிரித்ததை யாரும் பார்த்ததில்லை.

"எல்லாரும் கவனிங்க!" என்றார் இன்ஸ்பெக்டர். "நீளப் பாட்டு பாடறப்போ, கடைசி வரிசை ஓரத்து சீட்ல இருந்து ஒருத்தர் எழுந்து போனதைப் பார்த்தவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

"யாருமே பார்க்கலையா?"

ஐம்பத்தொன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

மாஸ்டர் முகத்தில் பெருமை வழிந்தது.

"இன்ஸ்பெக்டர்... இது என் கோரஸ். பாட ஆரம்பிச்சா இவங்க கண்ணு என் கையை விட்டு நகராது. நகர்ந்தா அடுத்த கச்சேரியில இடம் கிடையாது. ஹாலுக்குள்ள யானை புகுந்தாலும் இவங்க பார்த்திருக்க மாட்டாங்க!"

"சார், ஒரு உயிர் போய்க்கிட்டு இருக்கு!"

"அதுக்காக இல்லாததைச் சொல்லச் சொல்றீங்களா?"

இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராகப் பார்த்தார். "நீங்க?" "தெரியாது சார்." "நீங்க?" "மாஸ்டர் கையைத்தான் சார் பார்த்தேன்." "நீங்களாவது?" "கையைத்தான் சார்..."

கை! கை! கை! அந்தக் கைக்கு விலங்கு மாட்டினால் என்ன என்று தோன்றியது அவருக்கு.

கதவோரம் நின்ற மேனேஜரின் அழுகை நின்றிருந்தது. உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்புகூட!

"சார்..." என்று இழுத்தார் எஸ்.ஐ. "பத்து நிமிஷம் ஆச்சு..."

மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். புடவைத் தலைப்பைச் சரி செய்து கொண்டாள். அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் பாடுகிற பல் டாக்டர் அம்மா ஓடி வந்து அவள் கையில் எதையோ வைத்தாள்.

"உங்க ஃபைல். ஒரு பக்கம்கூடக் கசங்கலை."

ஃபைல்...!

இன்ஸ்பெக்டருக்குப் பொறி தட்டியது.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம். என் ஒய்ஃப் விழறதுக்கு முன்னாடி எதுக்கு இதை உங்ககிட்ட குடுத்தா?"

பல் டாக்டர் அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"பின்னே? கீழே விழுந்தா சத்தம் வருமே சார்! ஒத்திகையில ஒருத்தர் ஃபைலைக் கீழே போட்டாருன்னு மாஸ்டர் அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாரு. 'உயிர் போனாலும் ஃபைல் விழக் கூடாது'ன்னு தினம் சொல்வாரு."

மனைவி முணுமுணுத்தாள். "நானா யோசிச்சுக் குடுக்கலைங்க. கை தானாக் குடுத்துடுச்சு."

ஓர் உயிரைக் காப்பாற்ற ஓடுகிறவள்... அந்த அவசரத்திலும் மாஸ்டருக்குப் பயந்து ஃபைலைக் காப்பாற்றியிருக்கிறாள்!

அவளுக்கே அவ்வளவு பயம் என்றால் மற்றவர்களுக்கு?

இன்ஸ்பெக்டர் தன்னைத்தானே திட்டிக் கொண்டார். 'மடையா! யாரை வெச்சுக்கிட்டு யார்கிட்ட கேட்டே?'

ஒத்திகை அறைக்குள் மறுபடி நுழைந்தார்.

"மாஸ்டர்... வெளியே போங்க."

"என்னது?"

"வெளியே!"

"இது என் கோரஸ்! நான் எதுக்கு..."

"எஸ்.ஐ.! மாஸ்டரை மரியாதையா வெளியே கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்துய்யா!"

எஸ்.ஐ. அவரை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கோரஸோடு மேனேஜரும் உள்ளேயே நின்றார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பைக் காணவில்லை.

இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்தார்.

"இங்கே பேசறது அவர் காதுக்குப் போகாது. என் வேலை மேல சத்தியம். கையைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்... ஜெயிலுக்குப் போகப் போறது உங்ககூட நின்னு பாடினவ. இப்ப கேக்கறேன். யார் யார் பார்த்தீங்க?"

பல் டாக்டரின் கை எழுந்தது. அதன் பின்னால் ஒரு கை. இன்னொன்று. இன்னும் ஐந்து. பத்து. அப்புறம் எண்ண முடியவில்லை...

அறை முழுக்கக் கைகள்!

"குயில் மேடம் உள்ளே போன கையோட எழுந்தாரு சார்," என்றாள் பல் டாக்டர்.

"நாங்க பாட்டுல முதல் பக்கம்கூடத் திருப்பலை!" என்றார் கனத்த குரல் பாடும் பேங்க் கேஷியர். "பொக்கேவைக் கையில எடுத்துக்கிட்டாரு. பக்கத்துல பார்த்தாரு, பின்னால பார்த்தாரு. எங்களை மட்டும் பார்க்கவே இல்லை. கோரஸ்னா திரைச்சீலைன்னு நினைப்பு போல!"

"அப்புறம் சீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை சார். நான் அந்த சீட்டையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்!" என்றாள் ஒரு டைப்பிஸ்ட்.

"ஏம்மா?"

"நீளப் பாட்டு சார்... போரடிக்கும்ல?"

மடை திறந்துவிட்டது. யார் கொட்டாவி விட்டது, யார் செருப்பைக் கழற்றியது, எந்த வரிசையில் யார் யார் பேசிக் கொள்ளவில்லை... எல்லாம் வந்து விழுந்தது!

"பன்னிரண்டாவது வரிசையில ஒருத்தர் வாயைத் திறந்து தூங்கிக்கிட்டு இருந்தாரு சார்," என்று உற்சாகமாகத் தொடங்கிய கேஷியர், இன்ஸ்பெக்டரின் கோட்டைப் பார்த்ததும் இருமினார். "அவரை... சரியாத் தெரியலை."

மேனேஜர் மெதுவாகக் கதவை நோக்கி நகர்ந்தார்.

"எங்கே சார்? இன்னொரு ஓரத்துக் கதவா?" இன்ஸ்பெக்டரின் கை அவர் தோளில் விழுந்தது.

"மேடையில... அத்தனை பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தப் பார்த்தா சார்!" மேனேஜர் உடைந்தார். "அவளை உருவாக்கினதே நான். என்னைத் தூக்கி எறிஞ்சா சும்மா விடுவேனா?"

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. மருத்துவமனை. கேட்டார். பெருமூச்சு விட்டார்.

"குயில் கண்ணைத் திறந்துட்டாங்களாம். முதல்ல சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? உங்க பேரு!"

எஸ்.ஐ. மேனேஜரைக் கூட்டிக்கொண்டு கிளம்பக் கதவைத் திறந்தார்.

கதவில் காதை வைத்துக் கொண்டிருந்த மாஸ்டர் தடுமாறி உள்ளே விழுந்தார்!

எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"அப்போ... இத்தனை வருஷமா... யாருமே என் கையைப் பார்க்கலையா?"

"பார்ப்போம் மாஸ்டர்," என்றார் கேஷியர். "அப்பப்போ."

மாஸ்டருக்குக் கோபப்படவும் நேரமில்லை. ஹால் நிறைய ஜனம் காத்திருந்தது. சோலோ பாட ஆள் இல்லை. தயங்கித் தயங்கி இன்ஸ்பெக்டரின் மனைவியிடம் வந்தார்.

"அந்த சோலோ... உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"என் வீட்டுக்காரரைக் கேளுங்க மாஸ்டர். எங்க வீட்டுக் குக்கருக்கே அது மனப்பாடம்."

எஸ்.ஐ. திரும்பினார். "சார், நீங்க ஸ்டேஷனுக்கு வரலையா?"

"நீ போய்யா. எனக்கு இங்கேதான் டியூட்டி."

மனைவி அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். குற்றவாளிகளைப் பேச வைத்தே பழகியவர், தானே பேச வேண்டி வந்ததும் திணறினார்.

"நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்மா."

"அதை வீட்ல பேசிக்கலாம்." சிரிப்பை அடக்கிக் கொண்டாள். "இப்பவும் தூங்கினீங்க... அடுத்து மயங்கி விழப் போறது நீங்கதான்!"

இருபது முழங்கால்களை மறுபடி தாண்டி, அதே நாலு பேரின் கால் விரலை மறுபடி மிதித்து, நடு சீட்டில் போய் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடிக்காரர் முழங்கையைத் தயாராக வைத்துக் கொண்டார்.

விளக்குகள் மங்கின. மனைவி மேடையின் முன்னால் தனியாக வந்து நின்றாள். மாஸ்டர் கையை உயர்த்துவதற்கு முன்னால் கோரஸைப் பார்த்துக் கெஞ்சும் குரலில் கிசுகிசுத்தார்.

"இந்தப் பாதியிலயாவது என்னைப் பாருங்கப்பா!"

எல்லோரும் பவ்வியமாகத் தலையாட்டினார்கள்.

மனைவியின் குரல் எழுந்தது. குக்கர் சத்தத்தோடு கேட்டுக் கேட்டு அலுத்த அதே பாட்டு... இன்ஸ்பெக்டருக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் இதைக் கேட்காமல் எந்தத் திருடன் பின்னால் ஓடிக் கொண்டிருந்தோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. கண் நிறைந்தது. யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொள்ளக் கண்ணை மூடினார்.

அவ்வளவுதான்!

மாஸ்டரின் கை காற்றில் அனாதையாக ஆடிக் கொண்டிருக்க... கோரஸின் ஐம்பத்தொன்பது ஜோடிக் கண்களும் ஒரே சமயத்தில் பன்னிரண்டாவது வரிசைக்குப் பாய்ந்தன. பாடிக்கொண்டே!